சமோவாவில் மாத்தாய் பட்டம் பெற்ற குடும்பத் தலைவர்கள் மட்டுமே தேர்தலில் நிற்கலாமாம். இதை ஜனநாயகம் என்று சொல்லலாமா?

மலர்_ஆக்லாந்து

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆக்லாந்தின் தெற்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன், கூட வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் சமோவாக்காரர்கள். அவர்களில் ஒரு அக்கா விடுப்பு போட்டு ஊருக்குப் போய் மாத்தாய் பட்டம் ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறார். மாத்தாய் என்றால் குடும்பத் தலைவர். குடும்பம் என்றால் அப்பா அம்மா பிள்ளைகள் என்று நின்றுவிடாது, ஒரே மூதாதையரிடமிருந்து வந்த மொத்த வம்சமும் அதில் அடக்கம். அந்த வம்சத்தார் கூடிப் பேசி இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஊர்ச் சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இனி ஊரில் சாவு, கல்யாணம், சர்ச் கட்டுவது என்று எது வந்தாலும் இவர் பங்கு போயாக வேண்டும். அதைச் சுமையாகவே அவர் பேசவில்லை, முகமெல்லாம் பூரிப்பு.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சமோவாவில் 21 வயதானால் எல்லாருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் இந்தப் பட்டம் இருந்தால்தான் நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியுமாம். பட்டம் இல்லாதவர் எவ்வளவு படித்திருந்தாலும், ஊருக்கு எவ்வளவு நல்லது செய்திருந்தாலும் வேட்புமனுவே போட முடியாது.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். 2021இல் அங்கே தேர்தலில் தோற்ற கட்சி ஆட்சியை விட மறுத்து, நாடாளுமன்றக் கட்டடத்தைப் பூட்டிவிட்டது, வென்றவர்கள் வெளியே கூடாரம் போட்டுப் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள், கடைசியில் ஒரு உயிர்கூடப் போகாமல் ஆட்சி மாறியது என்கிறார்கள். குலத் தலைவர்களும் வம்ச கௌரவமும் இவ்வளவு ஆழமாக இருக்கிற இடத்தில் அது எப்படி நடந்தது? நான் படித்த செய்திகள் எல்லாம் 'முதல் பெண் பிரதமர்' என்ற இடத்தோடு நின்றுவிடுகின்றன. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். நாளைக்கும் இவர்களோடுதான் வேலை பார்க்கப் போகிறேன், இவர்களுடைய நாட்டைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

---

கடல்வழி_ராமநாதன்

நல்ல கேள்வி மலர். நான் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் ஒரு உதவித் திட்டத்தில் கணக்கு வேலையில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விவரம். உங்கள் அக்காவுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் அவர் நின்றுவிட முடியாது. வேட்பாளர் சமோவாவில் மூன்று வருஷம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் ஊருக்குச் செய்ய வேண்டிய சேவையையும் காணிக்கையையும் முறையாகச் செய்திருக்க வேண்டும். அதை மொனோடாங்கா என்பார்கள். தேர்தல் முடிந்ததும் 'இவர் மொனோடாங்கா ஒழுங்காகச் செய்யவில்லை' என்று வழக்குப் போடுவது அங்கே சாதாரணம். அதிகாரத்துக்குப் போகும் பாதை சேவைதான் என்று ஒரு பழமொழி அவர்களிடம் உண்டு, அதைச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

பட்டம் என்பது நேராக அப்பாவிடமிருந்து மூத்த மகனுக்குப் போகிற சொத்து கிடையாது. வம்சத்தில் யாருக்கும் கொடுக்கலாம், மருமகனுக்குக்கூடக் கொடுத்திருக்கிறார்கள், ஒரே பட்டத்தை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. சரியாக நடந்துகொள்ளாதவரிடமிருந்து திரும்பப் பெறவும் முடியும். ஒத்துவரவில்லை என்றால் அதற்கென்றே நிலம் மற்றும் பட்டங்கள் நீதிமன்றம் இருக்கிறது, ஜெர்மன்காரர்கள் ஆண்ட காலத்தில் 1903இல் தொடங்கியது. நாட்டின் நிலத்தில் 80 சதவீதம் போல இன்றைக்கும் வம்சங்களுக்குப் பொதுவான நிலம், விற்க முடியாது, அதை மேற்பார்ப்பது மாத்தாய். ஆகவே பட்டத்தை வெறும் கௌரவமாகப் பார்க்காதீர்கள், யார் எந்தத் துண்டில் வீடு கட்டலாம், எங்கே சேப்பங்கிழங்கு போடலாம் என்பது வரைக்கும் அதில் அடங்கும்.

1962 ஜனவரி 1 அன்று நியூசிலாந்திடமிருந்து விடுதலை அடைந்தபோது நிலைமை இன்னும் இறுக்கம், மாத்தாய்களுக்கு மட்டும்தான் ஓட்டே. (கலப்பு வம்சத்தினருக்கு என்று தனியாக இரண்டு இடங்கள் வைத்திருந்தார்கள்.) அப்புறம் என்ன நடந்தது என்றால், ஓட்டுகளைக் கூட்டுவதற்காகவே பட்டங்களைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பட்டத்தின் மதிப்பே போய்விடும் என்ற பயம் பெரியவர்களுக்கே வந்தது. 1990இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, குறைந்த வித்தியாசத்தில்தான் ஜெயித்து, 1991 தேர்தலிலிருந்து எல்லாருக்கும் ஓட்டு வந்தது. வழக்கத்தைக் காப்பாற்றத்தான் எல்லாருக்கும் ஓட்டு கொடுத்தார்கள் என்று சொன்னால் நம் ஊர்க் காதுக்கு வினோதமாக இருக்கும், ஆனால் அதில் உண்மை இருக்கிறது.

இப்போது 2021. மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சி 1982இலிருந்து, நடுவில் 1985 கடைசி முதல் 1988 வரை தவிர, தொடர்ந்து ஆட்சியில் இருந்தது. துயிலாஎபா சைலெலே 1998இலிருந்து பிரதமர். எதிர்க்கட்சி என்ற ஒன்று கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. 2020இல் அரசு மூன்று மசோதாக்களைக் கொண்டுவந்தது. நிலம், பட்டம் சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்துவதுதான் அதன் சாரம். அதை எதிர்த்துத் துணைப் பிரதமர் பதவியை விட்டு வெளியே வந்தவர்தான் ஃபியாமே நவோமி மத்தாஆஃபா. அதே வருஷம் லாவுலி லெயுவாத்தேயா ஷ்மிட் தொடங்கியிருந்த ஃபாஸ்ட் கட்சிக்கு அவர் 2021 மார்ச்சில் தலைவரானார்.

அந்தப் பிரச்சாரத்தை மறக்க முடியாது. ஊர் ஊராகப் போய் மாத்தாய்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டத்தை விளக்கினார்கள், அதைப் பேஸ்புக்கில் நேரலை விட்டார்கள், ஆக்லாந்திலும் சிட்னியிலும் உட்கார்ந்து பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள். நியூசிலாந்தில் மட்டும் 2 லட்சத்துக்கு மேல் சமோவா வம்சாவளியினர் இருக்கிறார்கள், ஊரில் இருக்கிற மொத்த ஜனத்தொகையே அதை ஒட்டித்தான் வரும். அங்கிருந்து ஓட்டுப் போட முடியாவிட்டாலும், ஓட்டுப் போடுகிற அத்தைக்கும் மாமாவுக்கும் போன் போடலாம் அல்லவா.

ஏப்ரல் 9 தேர்தலில் 51 இடங்கள்: ஆளுங்கட்சி 25, ஃபாஸ்ட் 25, ஒரு சுயேச்சை. அந்தச் சுயேச்சை யாரோடு சேருவார் என்று நாடே காத்திருந்த நேரத்தில் தேர்தல் ஆணையர் திடீரென்று ஆளுங்கட்சிப் பெண் வேட்பாளர் ஒருவருக்குக் கூடுதல் இடம் ஒன்றைக் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் குறைந்தது 10 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013இல் சாசனத்தைத் திருத்தியிருந்தார்கள். ஜெயித்த பெண்கள் ஐந்து பேர். 51இல் 10 சதவீதம் என்றால் 5.1, ஆகவே ஆறு பேர் வேண்டும் என்பது அவர் கணக்கு. மறுநாளே சுயேச்சை ஃபாஸ்ட் பக்கம் போக, 26க்கு 26 என்று சமமாகிவிட்டது. மே 4இல் நாட்டுத் தலைவர் (நம் ஊர் ஜனாதிபதி மாதிரி, பிரதமர் வேறு) மறுதேர்தல் என்று அறிவித்தார். மே 17இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் இடமும் செல்லாது, மறுதேர்தலும் செல்லாது என்றது. நாடாளுமன்றம் கூட வேண்டிய கடைசி நாள் மே 24. மே 22, சனிக்கிழமை இரவு, நாட்டுத் தலைவர் கூட்டத்தையே நிறுத்திவைத்தார். சமோவாவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச், வீட்டுச் சாப்பாடு, ஓய்வு, வேறெதுவும் நடக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் நீதிபதிகள் கூடி, நிறுத்தியது செல்லாது, கூட்டம் நடந்தாக வேண்டும் என்று தீர்ப்புக் கொடுத்தார்கள்.

திங்கள் காலை தலைமை நீதிபதி அங்கியோடு நாடாளுமன்ற வாசலுக்கு நடந்து போனார், கதவு பூட்டியிருந்தது, திரும்பி நடந்தார். அன்று சாயங்காலம் வாசல் புல்தரையில் கூடாரம் போட்டு ஃபியாமேயும் அவர் ஆட்களும் பிரமாணம் எடுத்தார்கள். பிறகு இரண்டு மாதம் இழுபறி. ஜூலை 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கூடாரப் பிரமாணம் செல்லும், மே 24இலிருந்தே ஃபாஸ்ட்தான் அரசு என்று முடித்துவைத்தது. மூன்று நாள் கழித்துத் துயிலாஎபா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ரத்தம் சிந்தாததற்கு நான் பார்த்த காரணங்களில் பெரியது, சமோவாவுக்கு ராணுவம் கிடையாது. போலீஸ் மட்டும்தான், அதுவும் அந்த நாட்களில் எந்தப் பக்கமும் சாயாமல் ஒதுங்கி நின்றது. தீர்ப்பை மீறுவதற்குத் துப்பாக்கி வேண்டும், அது யார் கையிலும் இல்லை. அடுத்தது, ஒவ்வொரு வம்சத்திலும் இரண்டு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். கலவரம் செய்ய இறங்கினால் எதிரே நிற்பது சொந்த மச்சானாக இருப்பான். இன்னொன்று ஃபியாமேயின் இடம். அவர் அப்பா நாட்டின் முதல் பிரதமர், நாட்டின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்றை வைத்திருந்தவர். அப்பா இறந்தபின் 'ஃபியாமே' என்ற பட்டத்துக்காக நீதிமன்றம் ஏறி, 1970களின் கடைசியில், இருபது வயதையொட்டி அதைப் பெற்றவர். 1985இலிருந்து லோட்டோஃபாங்கா தொகுதி உறுப்பினர், அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். அவரைப் பார்த்து 'நீ யார் எங்களுக்குச் சொல்ல' என்று யாரும் கேட்டுவிட முடியாது.

ஆகவே என் பதில்: ஆமாம், இது ஜனநாயகம்தான். வேட்பாளரைச் சலிக்கும் வேலையைக் கட்சி அலுவலகம் செய்யாமல் வம்சமும் ஊரும் செய்கின்றன. எங்கேயும் யாரோ ஒருவர் சலிக்கத்தானே செய்கிறார்கள்.

---

கயல்விழி

ராமநாதன் சார் எழுதிய தேதிகளிலும் நடப்புகளிலும் எனக்குப் பிரச்சினை இல்லை, கடைசிப் பத்தியில்தான் பிரச்சினை. சலிக்கிற கை யாருடையது என்று கேட்காமல் எப்படி விட முடியும்?

பெண்கள் மாத்தாய் ஆகலாம் என்பது சட்டப்படி சரி. நடப்பில் அவர்கள் சிறுபான்மை. சில கிராமங்கள் பெண்களுக்குப் பட்டம் தருவதே இல்லை என்று முடிவு செய்து வைத்திருக்கின்றன, வேறு சில ஊர்களில் பட்டம் இருந்தாலும் சபையில் அவர்கள் உட்காருவதில்லை. கிராமத்தில் பெண்களுக்கு இடமே இல்லையா என்றால் இருக்கிறது: ஊரில் பிறந்த மகள்களுக்கு ஒரு குழு, மாத்தாய்களின் மனைவிகளுக்கு ஒரு குழு. 1920களிலிருந்து கிராமச் சுகாதாரத்தைக் கட்டி நிறுத்தியதே பெண்கள் கமிட்டிதான், குடிநீர், கொசு, குழந்தைகளின் எடை எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேலை அவர்களுக்கு, முடிவு எடுக்கும் பாய் வேறு யாருக்கோ. சபையில் உட்கார்ந்து பழகாதவருக்கு ஊரின் ஆதரவு எப்படிக் கிடைக்கும், மொனோடாங்கா செய்தார் என்று யார் சாட்சி சொல்வார்கள்? அந்த 10 சதவீத ஏற்பாடே இந்த அடைப்பை உணர்ந்து கொண்டுவந்ததுதான். 2016 தேர்தலில் நான்கு பெண்கள் ஜெயித்தார்கள், தோற்ற பெண்களில் அதிக வாக்கு வாங்கிய ஒருவரை ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் வாசலை அகலப்படுத்தாமல் உள்ளே ஒரு நாற்காலி கூட்டிப் போட்ட மாதிரி. 2021இல் அதே ஏற்பாட்டை ஒரு கட்சியின் பெரும்பான்மைக்காக அவசர அவசரமாக ஆயுதமாக்கினார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. இத்தனைக்கும் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஆறு பேர் வேண்டும் என்பது சரிதான், ஆனால் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்த பிறகே அந்த இடத்தை நிரப்ப வேண்டும்' என்று சொன்னது. பெண்களுக்கான உரிமை உண்மையானது, அதைக் கையாண்ட நேரமும் நோக்கமும் தவறானவை.

அடுத்து பட்டமில்லாத இளைஞர்கள். ஊர்ச் சபை அபராதம் போடலாம், பன்றியும் டின் மீன் பெட்டிகளும் அபராதமாகப் போகும். அதற்கும் மேலே ஊர்விலக்கு. 1990 கிராமச் சபைச் சட்டம் அந்தச் சபைகளின் அதிகாரத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. 1993இல் லோனா கிராமத்தில் சபைக்குக் கட்டுப்படவில்லை என்று ஒருவரைச் சுட்டுக் கொன்று வீட்டையும் கொளுத்தினார்கள். அது விதிவிலக்கு, ஊருக்கு ஊர் நடப்பது இல்லை, ஆனால் ஊர்விலக்கு விதிவிலக்கு இல்லை. நிலம் வம்சத்துடையது, வீடு ஊருக்குள், போகச் சொன்னால் எங்கே போவார்கள்? கிராமத்தில் வேறு சர்ச் பிரிவாகக் கூடிக் கும்பிட்டதற்காகவே குடும்பங்கள் துரத்தப்பட்டிருக்கின்றன. அப்போதெல்லாம் அவர்களுக்கு இருந்த ஒரே கதவு உச்ச நீதிமன்றம், சாசனம் கொடுத்த தனிமனித உரிமை.

2020 மசோதாக்களைப் பற்றி ராமநாதன் சார் ஒரே வரியில் சொல்லிவிட்டார், அந்த வரியில்தான் எல்லாமே இருக்கிறது. நிலம், பட்டம், ஊர்ச் சபை முடிவு சம்பந்தமான வழக்கில் நிலம் மற்றும் பட்டங்கள் நீதிமன்றத்தின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு 'என் அடிப்படை உரிமை மீறப்பட்டது' என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அவை அடைத்தன. அரசு சொன்ன நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வழக்கம் கூட்டு உரிமையை மதிக்கிறது, வெளியிலிருந்து வந்த சட்டம் தனி ஆளை மட்டும் பார்க்கிறது, இரண்டையும் சமமாக வைக்க வேண்டும் என்றார்கள். அதில் நேர்மையான ஒரு வலியும் இருக்கிறது. நியூசிலாந்து ஆட்சியில் 1918இல் டலூன் கப்பல் ஆக்லாந்திலிருந்து காய்ச்சலைக் கொண்டுவந்து இறக்கியது, ஐந்தில் ஒருவர் செத்தார்கள். 1929 டிசம்பர் 28இல் அமைதியாக ஊர்வலம் போனவர்கள் மேல் நியூசிலாந்துப் போலீஸ் சுட்டது, விடுதலை கேட்டுப் போராடிய மாவ் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான மூன்றாம் துப்புவா தமசேசே லெயலோஃபி கொல்லப்பட்டார். 2002இல்தான் ஹெலன் கிளார்க் வந்து மன்னிப்புக் கேட்டார். அப்படிப்பட்ட வரலாறு உள்ள மக்கள் 'எங்கள் வழக்கத்துக்கு எங்கள் நீதிமன்றம்' என்று கேட்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் 2021 மேயில் ஒரு கட்சியைக் காப்பாற்றியது எந்த நீதிமன்றம்? ஊர்விலக்கு வாங்கிய குடும்பம் இனிமேல் போக முடியாத அதே உச்ச நீதிமன்றம். பெரிய பட்டக்காரர்களுக்குத் திறந்திருக்கிற கதவு பட்டமில்லாதவனுக்கும் திறந்திருக்க வேண்டும், அது நடக்காத வரைக்கும் நான் இதை அரை ஜனநாயகம் என்றுதான் சொல்வேன்.

---

சுவா_சண்முகம்

ஃபிஜியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தவன், மனைவி வீட்டார் நாந்தி பக்கத்துக் கரும்புக்காரர்கள். ராமநாதன் சொன்ன ராணுவ விஷயத்துக்கு ஃபிஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழு அர்த்தம் தெரியும்.

2009 ஏப்ரல் 9. அதே ஏப்ரல் 9, சமோவா தேர்தலுக்குச் சரியாக 12 வருஷம் முன்னால். 2006இல் ஆட்சியைப் பிடித்த தளபதி பைனிமராமாவின் அரசு சட்டவிரோதம் என்று ஃபிஜி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. மறுநாளே ஜனாதிபதி சாசனத்தை ரத்துசெய்து, நாட்டின் எல்லா நீதிபதிகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு தீர்ப்பும் ஒரே மாதிரிதான். ஒரு நாட்டில் கதவைப் பூட்டியவர்கள் இரண்டு மாதத்தில் சாவியைக் கொடுத்தார்கள், இன்னொரு நாட்டில் அடுத்த தேர்தல் வருவதற்கே 2014 ஆகிவிட்டது. 2001இலும் அப்படித்தான். 2000இல் ஜார்ஜ் ஸ்பைட் என்பவரின் கும்பல் நாடாளுமன்றத்தைப் பிடித்து 56 நாள் பிணைக்கைதிகளை வைத்திருந்த பிறகு, 1997 சாசனம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் அப்போது கவிழ்ந்த பிரதமர் மகேந்திர சௌத்ரியின் அரசு திரும்பி வரவேயில்லை.

தலைவர்கள் விஷயத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஃபிஜியில் தலைமை பெரும்பாலும் பிறப்பால் வருவது, மேலே சில பெரிய குடும்பங்களிடம் குவிந்திருப்பது. பெருந்தலைவர்கள் சபை என்ற அமைப்பையே 1876இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஆர்தர் கார்டன் உருவாக்கினார். பழங்குடியினரின் நிலத்தை விற்கக் கூடாது, அவர்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் அவரே, அப்படியென்றால் கரும்பை யார் வெட்டுவது என்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தவரும் அவரே. 1879 மே 14இல் முதல் கப்பல் லியோனிடாஸ் வந்தது, 1916 வரைக்கும் சுமார் 60,000 பேர். 1903இலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றினார்கள், என் மனைவியின் பூட்டனார் அப்படி வந்தவர்தான், 1926இல் நாந்தியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகளில் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் படித்தார்கள். தமிழ் இப்போது கோயில் பாட்டிலும் தீமிதித் திருவிழாவிலும்தான் மிச்சம், வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி.

ஆக ஒரே ஆட்சியாளர் போட்ட இரண்டு முடிவுகளால், நிலம் ஒரு சமூகத்திடம், அதில் உழைப்பு இன்னொரு சமூகத்திடம். குத்தகை முடியும்போதெல்லாம் பயம். 1987 மே 14இல், முதல் கப்பல் வந்த அதே தேதியில், ராணுவ அதிகாரி ரபூக்கா முதல் ராணுவப் புரட்சியை நடத்தினார், அப்போது ஜனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் இன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு இருப்பார்களா என்பதே சந்தேகம். மனைவியின் சித்தப்பாக்கள் எல்லாரும் ஆக்லாந்துக்கும் பிரிஸ்பேனுக்கும் போய்விட்டார்கள், வயல் குத்தகை திரும்பிவிட்டது.

சமோவாவில் 'மச்சான் எதிரே நிற்பான்' என்று ராமநாதன் சொன்னது சரி, ஆனால் அது அவர்கள் குணத்தால் வந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரே மொழி, ஒரே வழக்கம், எல்லா வம்சத்துக்கும் நிலம். ஃபிஜிக்காரர்களும் இயல்பில் அவ்வளவு அன்பானவர்கள்தான், என் பக்கத்து வீட்டுக்காரர் 2000இல் எங்கள் மாமனாரைத் தன் வீட்டில் வைத்துக் காத்தார். கெடுத்தது நில ஏற்பாடும் ராணுவமும்.

நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் அதே ரபூக்கா தேர்தல் வழியாகப் பிரதமரானார், 2023 மே 14இல் சுவாவில் நடந்த வழிபாட்டில் 1987க்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை நினைவுகூரும் கிர்மித் நாள் அந்த வருஷத்திலிருந்து அரசு விடுமுறை. பைனிமராமா 2012இல் கலைத்த பெருந்தலைவர்கள் சபையையும் 2023இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். என் மாமியார் டிவியில் அந்த மன்னிப்பைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, அப்புறம் 'கேட்டது பெரிசுதான், ஆனா போனவங்க வரமாட்டாங்க' என்றார்.

---

மலர்_ஆக்லாந்து

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. கயல்விழி சொன்ன பெண்கள் கமிட்டி விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. 2019 தட்டம்மையின்போது இங்கே எங்கள் இல்லத்தில் வேலை பார்த்த ஒவ்வொரு சமோவாக்காரர் வீட்டிலும் துக்கம். 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். அதற்கு முந்தைய வருஷம் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்து, தடுப்பூசித் திட்டமே மாதக்கணக்கில் நின்று, மக்களுக்கு ஊசி மேலேயே பயம் வந்து, அந்த நேரத்தில் நோய் வந்து சேர்ந்தது, அதுவும் ஆக்லாந்திலிருந்துதான் போயிருக்க வேண்டும். கடைசியில் அரசு அலுவலகங்களை மூடி, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள். நர்ஸாகச் சொல்கிறேன், கிராமம் கிராமமாக அந்தக் கட்டமைப்பு இல்லாவிட்டால் இரண்டு நாளில் நாட்டையே சுற்றி வந்திருக்க முடியாது. அதே கட்டமைப்பு முதலிலேயே பெண்களின் பேச்சைக் கேட்டு, பயத்தைப் போக்கியிருந்தால் எத்தனை குழந்தைகள் இருந்திருப்பார்கள் என்றும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஃபியாமே இப்போது பிரதமர் இல்லை என்று அக்கா சொன்னார். என்ன நடந்தது?

---

கடல்வழி_ராமநாதன்

கயல்விழியின் வாதத்துக்கு முதலில்: ஊர்விலக்குக்கு எதிரே உச்ச நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. பட்ட நிபந்தனையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். பணமும் கட்சிச் சின்னமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஊருக்கு வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் போய்விடும். பட்டம் பெறும் வழியைப் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் திறக்க வேண்டும், எல்லா ஊரிலும்.

மலர், உங்கள் கேள்விக்கு. ஃபாஸ்ட் கட்சியைத் தொடங்கிய லாவுலி, ஃபியாமேயின் அரசில் விவசாய அமைச்சர். 2025 ஜனவரியில் அவர் மேல் குற்றச்சாட்டுகள் பதிவாயின, பதவி விலகச் சொன்னார் ஃபியாமே, அவர் மறுத்தார், ஃபியாமே நீக்கினார். கட்சியில் லாவுலியின் பக்கம் ஃபியாமேயையே வெளியேற்றியது. இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களை அவர் சமாளித்தார், இரண்டிலும் எதிரிகள் இரண்டு கூறாக நின்றதுதான் அவருக்கு உதவியது. ஆனால் மே 27இல் பட்ஜெட் 34க்கு 16 என்று தோற்றது, அந்த முறை துயிலாஎபாவின் கட்சியும் லாவுலியின் ஆட்களும் சேர்ந்து எதிர்த்து வாக்களித்தார்கள். பட்ஜெட் தோற்றதும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை, நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொல்லித் தேர்தலுக்குப் போனார். ஆகஸ்ட் 29இல் தேர்தல், லாவுலியின் தலைமையில் ஃபாஸ்ட் பெரும்பான்மை பெற்றது, செப்டம்பரில் அவர் பிரதமரானார். ஃபியாமே புதிதாகத் தொடங்கிய கட்சிக்குக் கிடைத்தது மூன்றே இடங்கள், லோட்டோஃபாங்காவை மட்டும் அவர் விடவில்லை.

எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. வைசு விரிகுடாவில் சீனக் கடனில் பெரிய துறைமுகம் கட்டும் திட்டத்தை நாட்டின் கடன் சுமையைப் பார்த்து ஓரமாக வைத்த துணிச்சல் அவருக்கு இருந்தது, பருவநிலைக் கூட்டங்களில் சின்னத் தீவுகளுக்காக அவர் பேசியதை எல்லாரும் கேட்டார்கள். ஆனால் 2021இல் 26 பேருக்காக நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில், 2025இல் ஒரு பிரதமர் பட்ஜெட்டில் தோற்று, தேர்தலிலும் தோற்று, அமைதியாக எதிர்வரிசைக்குப் போனார். வனுவாட்டுவில் நம்பிக்கையில்லாத் தீர்மானங்களால் 2023இல் மட்டும் மூன்று பேர் பிரதமராக இருந்தார்கள், தாங்க முடியாமல் 2024 மேயில் கட்சி தாவலைத் தடுக்கப் பொது வாக்கெடுப்பே நடத்தினார்கள். அதோடு ஒப்பிட்டால் சமோவா இதை எவ்வளவு ஒழுங்காகக் கடந்தது என்று தெரியும்.

---

கயல்விழி

ராமநாதன் சார், 'எல்லா ஊரிலும் திறக்க வேண்டும்' என்று நீங்கள் எழுதியதைப் பிடித்துக்கொள்கிறேன், நம் இருவருக்கும் இடைவெளி நான் நினைத்ததைவிடக் குறைவு. யார் திறப்பது என்பதில்தான் இன்னும் வித்தியாசம். ஊர்ச் சபைகள் தாமாகத் திறக்கும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள், சட்டம் தள்ள வேண்டும் என்கிறேன் நான். 1990இல் எல்லாருக்கும் ஓட்டு என்பதும் சட்டம் தள்ளி வந்ததுதானே, அதுவும் கொஞ்சம் வித்தியாசத்தில்.

மலர், முடிந்தால் உங்கள் அக்காவிடம் அவர் ஊர்ச் சபையில் பட்டம் பெற்ற பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்களா, அல்லது பட்டம் மட்டும் பெண்ணுக்கு, பேச்சு தம்பிக்கு என்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அவர் சொல்வதை இங்கே எழுதினால் எங்களுக்கும் தெரியும்.

---

மலர்_ஆக்லாந்து

கேட்டேன். அவர் ஊரில் பெண்கள் உட்காருகிறார்கள், பேசவும் செய்கிறார்கள், அவருடைய பெரியம்மா முப்பது வருஷமாகச் சபையில் இருக்கிறாராம். பக்கத்து ஊரில் அப்படி இல்லை, அங்கே பெண்களுக்குப் பட்டமே கிடையாது என்றார். அந்த ஊர்க்காரப் பெண் ஒருவரும் எங்களோடுதான் வேலை பார்க்கிறார், அவருக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை, 'எங்கள் ஊர் வழக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுந்து போய்விட்டார். அக்கா மட்டும் இருந்து, தன் மகளுக்கு இப்போதே சபைப் பேச்சு முறையைச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார், மகளுக்கு 16 வயது, பிறந்து வளர்ந்தது எல்லாம் ஆக்லாந்தில்.